தையல் ஆறியதும் சைக்கிளை எடுக்கலாமா? மலைநாட்டில் நாம் செய்யும் தவறுகள்

ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் எவ்வளவோ சொல்கிறார். நம் காதில் நிற்பது ஒன்றுதான்: "ஒரு மாதத்தில் சைக்கிள் ஓடலாம்." எனக்கும் அப்படித்தான் நின்றது. இடது பக்க அடிவயிற்றில் குடலிறக்கம் (ஹேர்னியா). வலை வைத்துத் தைத்த சின்னச் சத்திரசிகிச்சை. ஒரு இரவுதான் வார்டில் இருந்தேன். ஹட்டன் பக்கம் வீடு. பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்ப் படிப்பித்துவிட்டு வருகிறவன் நான், அதனால் நாள் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அந்த ஒரு மாதம் எந்த ரோட்டுக்கானது என்று நான் கேட்கவில்லை. முதல் தவறு அதுதான். யாழ்ப்பாணத்தில் வாசலில் ஏறி உட்கார்ந்தால் சந்தை வரைக்கும் ஒரே சமதரை. நமக்கு வாசலைத் தாண்டினாலே ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். நானுஓயா ஸ்டேஷன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றர். நடுவில் இருக்கும் எட்டுக் கிலோமீற்றர் சொச்சத்துக்குள் 250 மீற்றர் ஏற வேண்டும். கிளினிக்குக்குப் போகும்போது "நான் ஓடுவது மலை ரோடு, கியர் இல்லாத சைக்கிள், வீட்டுக்கு இத்தனை படி" என்று விவரமாகச் சொல்லுங்கள். சொன்னால் டொக்டர் தரும் கணக்கு மாறும்.

தோல் மூடிவிட்டால் போதுமா?

இரண்டு வாரத்தில் தையல் போட்ட இடம் அழகாக மூடிவிடுகிறது. கோடு மட்டும் தெரிகிறது, தொட்டால் வலியில்லை. ஆறிவிட்டது என்று நாம் முடிவு கட்டுகிறோம். உள்ளே நடப்பது வேறு. வெட்டுப்பட்ட இடத்தில் உடம்பு முதலில் அவசரமாக ஒரு மெல்லிய இழையைப் பின்னிவைக்கிறது. அதைப் பிரித்து உறுதியான இழையாக மாற்றும் வேலை மாதக்கணக்கில் நடக்கிறது. மூன்றாவது வாரத்தில் காயம்பட்ட தோலுக்குப் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, கூடிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்கும். மூன்று மாதத்தில் 80 சதவீதம் அளவுக்கு வரும். குடலிறக்கத்துக்கு வைத்த வலைக்குள்ளும் நம் தசை இழைகள் வளர்ந்து பிடித்துக்கொள்ளச் சில வாரங்கள் வேண்டும். அதனால்தான் பெரும்பாலான சத்திரசிகிச்சை நிபுணர்கள் 4 முதல் 6 வாரம் வரை பாரம் தூக்க வேண்டாம் என்கிறார்கள்.

பாரம் என்றதும் நமக்கு அரிசி மூட்டையும் கொழுந்துக் கூடையும்தான் ஞாபகத்துக்கு வரும். சைக்கிளும் பாரம்தான் என்பதை நான் அனுபவப்பட்டே தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து 22 படி. பதினாறாவது நாள், மழை வருகிறதே, வெளியே நின்றால் துருப்பிடிக்குமே என்று சைக்கிளைத் தோளில் போட்டு ஏறினேன். பாதிப் படியில் உள்ளே ஏதோ சுண்டி இழுத்தது. மறுநாள் அந்த இடம் வீங்கியிருந்தது. குடலிறக்கம் திரும்பிவிட்டது என்று நடுங்கிப்போய் கிளினிக்குக்கு ஓடினேன். உள்ளே நீர் கோர்த்திருக்கிறது, தானாக வற்றும் என்று டொக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொன்னார். வற்ற ஐந்து வாரம் ஆனது. இரும்புச் சைக்கிள் 15 கிலோவுக்கு மேல் கனக்கும். அந்த ஆறு வாரமும் அதைப் படியேற்ற வேறு ஒருவர் வேண்டும், இல்லையென்றால் அது கீழேயே நிற்கட்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, நம் மலையில் எல்லோரும் செய்வது: "மிதித்து ஏறாமல் தள்ளிக்கொண்டு போகிறேன்" என்பது. மிதிப்பதைவிடத் தள்ளுவது லேசு என்று தோன்றும். ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்து, மூச்சை அடக்கி, செங்குத்தான தோட்டத்து ரோட்டில் ஒரு கனமான சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். அடிவயிறு கல்லாக இறுகும். சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிப்பதும் இதே கதைதான். மூச்சை அடக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, தைத்த இடத்தைத்தான் உள்ளிருந்து தள்ளுகிறது. ஏற்றம் இருக்கும் பாதையென்றால் அந்தப் பாதைக்கே இன்னும் நாள் வரவில்லை.

"போகும்போது இறக்கம்தானே, மிதிக்கவே வேண்டாமே" என்பவர்களும் இருக்கிறார்கள். இறக்கத்தில் பள்ளத்துக்குப் பள்ளம் உடம்பு குலுங்கும், பெடலில் எழுந்து நின்று தாங்க வேண்டிவரும், வளைவில் பஸ் வந்தால் சட்டென்று காலை ஊன்ற வேண்டும். பிறகு அதே ரோட்டில்தானே ஏறி வீட்டுக்கு வர வேண்டும்?

வீட்டில் நடக்கும் தவறுகள்

பத்தியம். இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். ஒப்பரேசன் முடிந்து வந்த அன்று பக்கத்து வீட்டு அம்மா அன்போடு சொன்னது: "தம்பி, முட்டை, மீன், கருவாடு தொடாதப்பா. சீழ் வச்சிடும்." தக்காளி, கத்தரிக்காய், அன்னாசி எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அவர் என்மேல் வைத்த அக்கறையில் சந்தேகமே இல்லை. ஆனால் சீழ் கிருமியால் வருகிறது, முட்டையால் வருவதில்லை. காயம் ஆறுவதற்கு உடம்பு கேட்பது புரதம். ரசம் சோறும் பாணும் மட்டும் சாப்பிட்டுக் கிடந்தால் ஆறுவது தள்ளிப்போகும். பருப்பு, முட்டை, நெத்தலி, பால், கடலை, கூடவே கொய்யா, கீரை என்று சாப்பிடுங்கள். ஒவ்வாமை இருக்கும் உணவை மட்டும் விடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் இந்த நாட்களில் இரத்தத்தில் சீனியைக் கட்டுக்குள் வைத்திருப்பது மருந்து கட்டுவதைப் போலவே முக்கியம்.

மலச்சிக்கலை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. டிரமடோல், கோடீன் போன்ற வலி மாத்திரைகள் குடலை மந்தமாக்கும். குளிருக்குத் தண்ணீரும் குடிக்க மாட்டோம். பிறகு கழிப்பறையில் முக்குவது, ஏற்றத்தில் சைக்கிள் தள்ளுவதற்குச் சமம். பப்பாளி, கீரை, தண்ணீர், தினமும் கொஞ்ச நடை; அதற்கும் இளகாவிட்டால் டொக்டரிடம் வெட்கப்படாமல் மருந்து கேளுங்கள்.

இருமலும் அப்படித்தான். காலைப் பனியில் சிகரெட் பிடித்து இருமுகிற ஒவ்வொரு இருமலும் தையலில் போய் இடிக்கிறது. நிகோடின் இரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் காயத்துக்குப் போகும் இரத்தமும் குறையும். புகையிலை போட்ட வெற்றிலைக்கும் இது பொருந்தும். வலி தெரியாமலிருக்கச் சாராயம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மாத்திரையோடு அது சேரவே கூடாது. பரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8க்கு மேல் ஆகாது. பனடோலும் கிளினிக்கில் தந்த பரசிட்டமோலும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் விழுங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் வந்தால் கடையில் டைக்ளோஃபெனக், ஐபுபுரூபன் வாங்கிப் போடாதீர்கள். கண்டி, கம்பளைப் பக்கம் அது டெங்குவாகவும் இருக்கலாம், டெங்குவில் அந்த மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டும்.

ஈரம் நம் மலைக்கே உரிய பிரச்சினை. முதல் 48 மணி நேரம் கட்டு நனையக்கூடாது. பிறகு டொக்டர் சம்மதித்தால் மேலே ஊற்றிக் குளிக்கலாம், ஊறக்கூடாது. பீலித் தண்ணீர், அதாவது மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக விழும் தண்ணீர், எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மலையிலிருந்து மண்ணோடு வருவது. காயத்துக்குக் கொதித்தாறிய நீர்தான். தென்மேற்குப் பருவமழை காலத்தில் துணி மூன்று நாளானாலும் காயாது. ஈர உள்ளாடையைப் போட்டுக்கொண்டால் தையலைச் சுற்றித் தோல் வெளுத்து ஊறி, கிருமிக்கு வழி விடும். அடுப்புப் பக்கம் காயவைத்தாவது உலர்ந்ததைப் போடுங்கள். மஞ்சள், தேங்காயெண்ணெய், சாம்பல் எதுவும் தையல்மேல் வேண்டாம். நடைக்குப் போகும்போது தேயிலைக்குள் குறுக்குப் பாதையையும் விடுங்கள், வழுக்கும், அட்டை வேறு ஏறும்.

ஒரு மாதமும் போர்வைக்குள்ளேயே படுத்துக்கிடப்பதும் தவறுதான். காலில் இரத்தம் கட்டும், தசை கரையும். முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் நடக்க வேண்டும்.

திரும்பச் சைக்கிளில் ஏறும் நாள்

நாட்காட்டியைப் பார்ப்பதோடு உடம்பையும் கேட்டுப் பாருங்கள். பலமாக இருமினால் வலிக்கிறதா? படி ஏறி இறங்க முடிகிறதா? நிறுத்திவைத்த சைக்கிளில் உட்கார்ந்து, இரண்டு பிரேக்கையும் இறுக்கப் பிடித்து, ஒரு காலை ஓங்கித் தரையில் ஊன்றுங்கள். முகம் சுளித்தால் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். பின்பக்கம் காலை வீசி ஏறுவது இடுப்பு மடிப்பை இழுக்கும். சைக்கிளைச் சாய்த்து ஏறுங்கள், அல்லது நடுக்கம்பி தாழ்ந்த லேடீஸ் சைக்கிளைக் கொஞ்ச நாளைக்கு வாங்கி ஓடுங்கள். நான் அக்காவுடையதை வாங்கித்தான் ஓடினேன்.

முதல் ஓட்டத்துக்குச் சமதரை தேடிப் போங்கள். நுவரெலியாக்காரர்களுக்குக் கிரகரி வாவிக் கரை இருக்கிறது. நம் பக்கத்தில் தோட்டத்து மைதானம்தான். பத்து நிமிடம் போதும், உட்கார்ந்தபடியே. மறுநாள் காலையில் எழும்பும்போது வலியோ வீக்கமோ இல்லையென்றால், ஒரு நாள் விட்டு மறுபடி. இருந்தால் பாதியாகக் குறையுங்கள். இப்படி இரண்டு மூன்று வாரம் ஓடிய பிறகுதான் சின்ன ஏற்றம்.

எல்லா ஒப்பரேசனுக்கும் இதே கணக்கில்லை. மூல நோய்க்கும் விரைவீக்கத்துக்கும் செய்தவர்களுக்கு ஏற்றத்தைவிடச் சீட்தான் எதிரி. மணிக்கட்டில் செய்தவர்கள் பிரேக் பிடிக்கும் பலம் வரும்வரை ரோட்டுக்கு வரவே கூடாது. முழங்காலில் துளை போட்டுச் செய்தவர்களுக்கோ, அசையாமல் நிற்கும் சைக்கிளை லேசாக மிதிக்கச் சொல்லியே பயிற்சி தருவார்கள்.

குடலிறக்க ஒப்பரேசனுக்குப் பிறகு விரைப்பை கறுத்து வீங்குவதைச் சிலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும் குடலிறக்கத்தில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்தக் கறுப்பும் லேசான வீக்கமும் பெரும்பாலும் சில வாரத்தில் வடியும். ஆனால் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், நாற்றம், கல்லாக இறுகிய வீக்கத்தோடு வாந்தி, சிறுநீர் போகாமை, கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், மூச்சு வாங்குதல் இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

நீங்கள் ஆறிக்கொண்டிருந்த நாளெல்லாம் சைக்கிளும் ஈரத்தில்தான் நின்றது. முதல் ஓட்டத்துக்கு முன் பிரேக் கட்டைகளையும் கேபிளையும் மாற்றிவிடுங்கள். இரும்பு ரிம்மில் மழைத்தண்ணீர் பட்டால் நல்ல பிரேக்கே வழுக்கும், தேய்ந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.