நெல் வரவு செலவு ஆய்வு: கணக்கெடுப்பதில் இருந்து அச்சுக்குக் கொடுப்பது வரை

ஓர் ஏக்கர் சம்பா. 60 கிலோ மூட்டையில் 35 மூட்டை, அதாவது 2,100 கிலோ. கிலோ 23 ரூபாய் என்று வைத்தால் 48,300, வைக்கோல் 2,000, ஆக வரவு 50,300 ரூபாய். கூலி, விதை, உரம், இயந்திர வாடகை, தேய்மானம், கைமுதலுக்கான வட்டி எல்லாம் சேர்ந்து செலவு 29,000 என்றால் மிச்சம் 21,300. வீட்டு ஆட்கள் உழைத்ததற்குக் கூலி 6,000 போட்டால் மிச்சம் 15,300 ஆகிறது. சொந்த நிலத்துக்கு வாடகை மதிப்பு 9,000, பம்புசெட் போன்ற சொந்த முதலுக்கு வட்டி 1,000 என்று இன்னும் சேர்த்தால் கையில் நிற்பது 5,300 தான்.

இது எடுத்துக்காட்டுக் கணக்கு. ஆனால் மூன்று மிச்சமும் ஒரே வயலுக்கு உரியவை. எந்தச் செலவைக் கழித்தோம் என்று சொல்லாமல் ‘ஏக்கருக்கு நிகர வருமானம் இவ்வளவு’ என்று வெளியிடும் கட்டுரையை யாரும் தன் வயலோடு ஒப்பிட முடியாது. படிப்பவர் தன் எண்களைப் போட்டு அதே கணக்கை மறுபடி செய்து பார்க்க முடிய வேண்டும். பண்ணை மேலாண்மை ஆய்வுக்கு அதுதான் உயிர்.

மத்திய அரசின் வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் பயன்படுத்தும் பெயர்களையே நீங்களும் பயன்படுத்துங்கள். மேலே முதலில் வந்த 29,000 ஏ1 செலவு. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அதற்குப் பணம் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்தது ஏ2. ஏ2வோடு குடும்ப உழைப்பையும் கூட்டியது ஏ2+எஃப்எல், இங்கே 35,000. நில வாடகையும் சொந்த முதலின் வட்டியும் சேர்ந்தால் சி2, 45,000. 2018-19 மத்திய பட்ஜெட் செலவைப் போல ஒன்றரை மடங்கு குறைந்தபட்ச ஆதரவு விலை என்று அறிவித்ததற்கு அடிப்படை ஏ2+எஃப்எல். உழவர் அமைப்புகள் கேட்பது சி2 மீது. அதனால் அட்டவணையின் தலைப்பிலேயே எந்தச் செலவு என்று எழுதிவிடுங்கள். வரவு செலவு விகிதம் ஏ1 மீது 1.73, சி2 மீது 1.12. வெறுமனே ‘விகிதம் 1.73’ என்று எழுதினால் படிப்பவர் ஏமாந்துபோவார்.

கணக்குத் தவறுவது பெரும்பாலும் கணினியில் அல்ல, கேள்வி கேட்கும் இடத்தில். “நடவுக்கு எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டால் டெல்டாவில் மா கணக்கில் பதில் வரும். ஒரு மா என்பது 100 குழி, ஏறத்தாழ 33 சென்ட். மூன்றால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். ஆனால் அதோடு விடக்கூடாது. நாற்றுப் பறியும் அந்தக் கூலியில் சேர்ந்ததா? நாற்று முடிகளை வயலில் கொண்டு போட்டது யார்? டீ, சாப்பாடு தனியா? வரப்பு கழித்தது வேறு ஆளா? இந்த நான்கையும் கேட்காவிட்டால் பக்கத்துப் பக்கத்து வயல்களின் நடவுச் செலவு ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டு நிற்கும். அதை ‘திறன் வேறுபாடு’ என்று கட்டுரையில் விளக்கிக்கொண்டிருப்போம். மூட்டையும் அப்படித்தான். 40 கிலோவா, 60 கிலோவா, 75 கிலோவா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, கிலோவாக மாற்றி எழுதுங்கள். ஈரத்தோடு எடை போட்டதா, காயவைத்த பிறகா என்பதையும் குறியுங்கள்.

அறுவடை முடிந்த பின் ஒரே நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பது எளிது. ஆனால் ஐந்து மாதத்துக்கு முன் யார் எத்தனை நாள் களை எடுத்தார்கள் என்பது யாருக்கும் நினைவில் இருக்காது. குறிப்பாக வீட்டுப் பெண்களின் உழைப்பு விட்டுப்போகும். நடவு முடிந்ததும் ஒருமுறை, களையும் மேலுரமும் முடிந்ததும் ஒருமுறை, விற்ற பிறகு ஒருமுறை என மூன்று தடவையாவது போங்கள். பெண்களின் வேலையைப் பெண்களிடமே கேளுங்கள். எட்டு மணி நேரத்தை ஒரு ஆள் நாள் என்று கொண்டு, அந்த ஊரில் அந்த வேலைக்கு நடக்கும் கூலியைப் போடுங்கள். 1954-55இல் தொடங்கிய இந்தியப் பண்ணை மேலாண்மை ஆய்வுகள், சென்னை மாநிலத்தில் சேலம், கோவை மாவட்டங்களில் நடந்தவை, தொடர்ந்து கணக்கு எழுதும் முறையையும் ஒருமுறை கேட்டுப் பதியும் முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தன. இந்தக் கவலை அப்போதே இருந்திருக்கிறது.

தேய்மானத்தில் ஒரு பொதுவான பிழை. 40,000 ரூபாய் மோட்டார், 12 ஆண்டு உழைக்கும், கடைசியில் 4,000க்குப் போகும் என்றால் ஆண்டுக்கு 3,000. ஆண்டில் 600 மணி ஓடினால் மணிக்கு 5 ரூபாய். அந்த ஏக்கர் நெல்லுக்கு 60 மணி ஓடியிருந்தால் 300 ரூபாய்தான் நெல்லின் பங்கு. அதே மோட்டார் தென்னைக்கும் தண்ணீர் இறைக்கும்போது 3,000த்தையும் நெல் மேல் ஏற்றிவிடக்கூடாது. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் தண்ணீர்ச் செலவைப் பூஜ்யம் என்று விடுவதும் தவறு. போர்வெல் தோண்டியதும் அடிக்கடி மோட்டார் காயில் கட்டியதும் செலவுதான்.

விளைச்சல் அழிந்துபோன வயலைப் பட்டியலில் இருந்து எடுக்காதீர்கள். 120 பேரில் ஒன்பது பேர் வயல் வெள்ளத்தில் போய், மீதி 111 பேரின் சராசரியை மட்டும் வெளியிட்டால், அது பிழைத்தவர்களின் வருமானம். அந்தப் பருவத்தின் வருமானம் ஆகாது. இரண்டு சராசரியையும் கொடுங்கள், வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் நடு எண்ணையும் கொடுங்கள். பிரச்சினைகளுக்கு காரெட் வரிசைமுறை (உழவர்கள் தரும் வரிசையை மதிப்பெண்ணாக மாற்றும் முறை) போட்டு ‘கூலியாள் பற்றாக்குறை முதலிடம்’ என்று முடிக்கும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. அது உழவர்கள் எதைப் பெரிதாக உணர்கிறார்கள் என்றுதான் காட்டும். நடவு எத்தனை நாள் தள்ளிப்போனது, விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்ற எண்கள் பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு எடை வரும்.

எழுதும்போது பருவம், ஆண்டு, வட்டாரம், விலை எந்த மாதத்தியது, தனியார் வியாபாரியிடமா நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலா விற்றது என்பவை முதல் பக்கத்திலேயே வரட்டும். கேள்வித்தாளைப் பின்னிணைப்பாகப் போடுங்கள். பெயர், தொலைபேசி எண், சர்வே எண் எதுவும் வேண்டாம். சிறிய ஊரில் ‘12 ஏக்கர், சொந்த அறுவடை இயந்திரம்’ என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட வரிகளைத் தொகுதியாக்கி எழுதுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் அட்டவணையைக் கணக்குக் கொடுத்த நாலைந்து பேரிடம் காட்டுங்கள். “டிராக்டர் வாடகை இவ்வளவு கம்மியா?” என்று ஒருவர் கேட்டால் அங்கே ஒரு பிழை இருக்க வாய்ப்பு உண்டு.

எங்கே அனுப்புவது? இந்திய வேளாண் பொருளாதாரச் சங்கத்தின் ஆய்விதழ் போன்றவை புதிய கேள்வியை எதிர்பார்க்கும். ஒரு வட்டாரத்தின் ஒரு பருவக் கணக்குக்கு மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல் போன்ற வட்டார இதழ் பொருந்தும். முந்தைய மூன்று இதழ்களைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். மூன்று நாளில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள் என்று வரும் மின்னஞ்சலை விட்டுவிடுங்கள். ஐஎஸ்எஸ்என் எண், அதாவது இதழை அடையாளம் காட்டும் எண், இருப்பது தரத்துக்குச் சான்று ஆகாது.

ஆய்விதழ் மதிப்பீட்டுக்கே பல மாதம் ஆகலாம். அதனால் உழவர்களுக்கான இரண்டு பக்கத் துண்டறிக்கையைத் தனியாகத் தயாரியுங்கள். அதைத் தனியாக வெளியிடுவதை ஆய்விதழின் ஆசிரியருக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிட்டால் பின்னால் சிக்கல் வராது. அதில் புள்ளியியல் வேண்டாம்; ஏக்கர் கணக்கு, மூட்டை, பக்கத்தில் கிலோ. வலது ஓரத்தில் ஒரு வெற்று நிரல் விடுங்கள், படிப்பவர் தன் செலவை எழுதிக்கொள்ள. சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. அடுத்த சம்பாவுக்கு ஆவணியில் நாற்றங்கால் விடுவார்கள் என்றால், ஆடி பிறக்கும் முன் அந்தத் தாள் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.