பச்சை சாலட்டைக் கெடுப்பது ஈரம்தான்

பிரான்ஸில் லெட்டூஸ் இலையோடு பேரிக்காய், வால்நட், ரோக்ஃபோர் சீஸ் மூன்றையும் சேர்த்து ஒரு சாலட் செய்வார்கள். வால்நட்டை வறுக்கும் சில நிமிடம் தவிர அடுப்புக்கு வேலையே இல்லை. இவ்வளவு எளிதான பண்டம் நம் வீடுகளில் பல சமயம் இலை துவண்டு, சீஸ் பிசுபிசுத்து, தட்டின் அடியில் தண்ணீர் தேங்கித்தான் வருகிறது. உடனே டிரஸ்ஸிங் (இலைமேல் ஊற்றும் எண்ணெய், வினிகர் கலவை) சரியில்லை என்று தேனைக் கூட்டுவார்கள், பூண்டைச் சேர்த்துப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே, இலையைக் கழுவும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இலையை ஈரத்தோடு கிண்ணத்தில் போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. டிரஸ்ஸிங்கில் முக்கால் பங்கு எண்ணெய். தண்ணீர் நிற்கும் இலையில் எண்ணெய் பிடிக்காது, வழுக்கிக் கீழே இறங்கிவிடும். இலை சப்பென்று இருக்கிறதே என்று இன்னும் இரண்டு ஸ்பூன் ஊற்றுவோம். அதுவும் அடியில் போய்ச் சேரும்.

கழுவுவதிலும் கவனம் வேண்டும். குழாயை வேகமாகத் திறந்து நீட்டினால் இலை நசுங்கும், மடிப்புக்குள் இருக்கும் மண்ணும் போகாது. அடித்தண்டை வெட்டி, இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, அகலமான பாத்திரம் நிறையத் தண்ணீரில் அலசி, மேலாக அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்பவும் இலைமேலேயே விழும். கீரை அலசிப் பழகியவர்களுக்கு இது தெரிந்ததுதான். ஆனால் கீரை வேகப்போகிறது, லெட்டூஸ் வேகாது. அதனால் கடைசி அலசல் குடிக்கிற தண்ணீரில் இருக்கட்டும். ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ இறங்கி வரும் இலை வெயிலில் வாடியிருந்தால், ஐஸ் போட்ட தண்ணீரில் 10, 15 நிமிடம் கிடக்கட்டும். செல்களுக்குள் தண்ணீர் ஏறி இலை நிமிர்ந்துவிடும். உள்ளே ஏறும் தண்ணீர் நல்லது, மேலே நிற்கும் தண்ணீர்தான் ஆகாது.

இலையைச் சுழற்றித் தண்ணீரை உதறும் சாலட் ஸ்பின்னர் இருந்தால் உலர்த்துவது சுலபம். இல்லாவிட்டால் பழைய வேட்டித் துணி போதும். நடுவில் இலைகளைப் போட்டு, நான்கு முனைகளையும் சேர்த்துத் தளர்வான மூட்டையாகப் பிடித்து, மொட்டை மாடியிலோ பால்கனியிலோ நின்று கையை நன்றாக வீசிச் சுழற்றுங்கள். துணியைத் தாண்டித் துளிகள் தெறிக்கும். தெறிப்பது நின்றதும் பிரித்து, வேறொரு உலர்ந்த துணியில் பரப்பி மேலாக ஒற்றி எடுங்கள். ஓர் இலையின் நடு நரம்பை ஒட்டி விரலால் தடவிப் பாருங்கள், தண்ணீர் ஒளிந்திருக்கும் இடம் அதுதான். விரல் நனைந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். காய்ந்த பிறகு துணியோடு சுருட்டி அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் மொறுமொறுப்பு கூடும். இதற்குப் பொறுமை இல்லாத நாளில் லெட்டூஸை விட்டுவிட்டு வெள்ளரிக்காயை நறுக்கிக்கொள்வதே மேல்.

அடுத்து டிரஸ்ஸிங். நான்கு பேருக்கு 3 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், 1 மேசைக்கரண்டி வினிகர். உப்பை நேராக எண்ணெயில் போடுவது பலர் செய்யும் தவறு, அது கரையாது. முதலில் வினிகரில் கரைத்துவிட்டு, அரை ஸ்பூன் கடுகு பேஸ்ட் சேர்த்து, பிறகு எண்ணெயை ஊற்றி, சின்ன பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். எண்ணெயும் வினிகரும் சீக்கிரம் பிரியாமல் பிடித்து வைப்பது அந்தக் கடுகுதான். ஊறுகாய்க்கும் ஃபிரைட் ரைஸுக்கும் வாங்கும் வெள்ளை சிந்தெட்டிக் வினிகர் இங்கே தொண்டையை அடிக்கும். அதற்கு எலுமிச்சைச் சாறு எவ்வளவோ தேவலை, 1 மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக ஊற்றினால் சரி. நல்லெண்ணெய் எனக்கு உயிர். ஆனாலும் இந்த சாலட்டில் அதன் மணம் பேரிக்காயை அமுக்கிவிடும்.

முன்கூட்டியே கலந்து வைப்பதும் கூடாது. உப்பு இலைக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். இலையின் மேல் இருக்கும் மெழுகுப் படலத்தைத் தாண்டி எண்ணெயும் உள்ளே இறங்கி இலையைத் தளரச் செய்யும். வினிகர் தான் இலையை வாட்டுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள், அதைவிட வேகமாக வாட்டுவது எண்ணெய். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு, முதலில் பாதி டிரஸ்ஸிங்கை மட்டும் ஊற்றி, கையாலேயே அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். ஓர் இலையைத் தின்று பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்யலாம்.

பழத்திலும் ஈரத்தைத்தான் பார்க்க வேண்டும். தர்பூசணி, பப்பாளி, கனிந்த மாம்பழம் எல்லாம் தனியாகச் சாப்பிட அருமை, இலையோடு சேர்ந்தால் சாறு விட்டுக் குழையும். ஆப்பிள், பேரிக்காய், மாதுளை முத்து சரியாக வரும். கம்பம் பன்னீர் திராட்சையின் ருசிக்கு ஈடில்லை, ஆனால் கொட்டையும் வழுக்கும் தோலும் இங்கே தொந்தரவு. விதையில்லாப் பச்சைத் திராட்சையை இரண்டாக வெட்டிப் போடுங்கள். பேரிக்காய் பழுத்ததா என்று வயிற்றை அமுக்கிப் பார்க்கக் கூடாது. அது உள்ளிருந்து பழுக்கும், வயிறு இளகும்போது நடுப்பகுதி கூழாகியிருக்கும். காம்பை ஒட்டிய கழுத்துப் பகுதி லேசாக அழுந்தினால் அதுதான் பதம். வெட்டியதும் எலுமிச்சைச் சாறு தடவினால் கறுக்காது.

வால்நட்டை எண்ணெய்ப் பசை அதிகம் உள்ள பொருள் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தால் சிக்கு வாடை அடிக்கும். அப்படி ஒரு துண்டு போதும், மொத்த சாலட்டும் போயிற்று. வாங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள், போடும் முன் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். சிறு தீயில் வறுத்து, சூட்டோடு துணியில் தேய்த்தால் கசக்கும் தோல் கொஞ்சம் உதிரும். முழுக்க ஆறிய பிறகே இலையில் சேர வேண்டும். விருந்தாளி வந்தால் நட்ஸ் ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரோக்ஃபோர் செம்மறியாட்டுப் பாலில் செய்து ரோக்ஃபோர் ஊர்க் குகைகளில் பழுக்க வைக்கும் சீஸ், 1925 முதல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நம் ஊரில் விலையும் அதிகம், கிடைப்பதும் அரிது. ஃபெட்டா போட்டாலும் நன்றாகவே இருக்கும். இரண்டுமே உப்பு தூக்கலான சீஸ் என்பதால் டிரஸ்ஸிங்கில் உப்பைக் குறைக்க வேண்டும், இதை மறப்பவர்கள் அதிகம். பனீரில் உப்பும் இல்லை புளிப்பும் இல்லை, எனவே உதிர்த்து, உப்பு, மிளகு, எலுமிச்சை சேர்த்து அரைமணி நேரம் ஊற வைத்த பிறகு போடுங்கள். எந்த சீஸானாலும் குளிரக் குளிர உதிர்த்து, இலையைப் புரட்டி முடித்த பின் மேலே தூவுங்கள். சேர்த்துப் புரட்டினால் இலையெல்லாம் மாவு பூசியதுபோல் ஆகிவிடும். கர்ப்பிணிகள் ரோக்ஃபோர் போன்ற, நீலப் பூஞ்சை படர்ந்த ப்ளூ சீஸ் வகைகளைத் தவிர்ப்பது நல்லது.

ஆபீஸுக்கு டப்பாவில் கொண்டு போகிறவர்கள் அடுக்கும் வரிசையை மாற்றினாலே போதும். அடியில் டிரஸ்ஸிங், அதன்மேல் ஆப்பிள், பிறகு சீஸ், எல்லாவற்றுக்கும் மேலே உலர்ந்த இலை. வால்நட் தனிப் பொட்டலத்தில் இருக்கட்டும். சாப்பிடும்போது டப்பாவைத் தட்டில் கவிழ்த்துப் புரட்டிக்கொள்ளுங்கள்.