குழந்தையின் லோஷன் புட்டியை எப்படிப் படிப்பது?

கடையில் லோஷன் புட்டியைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பிடியுங்கள். ‘மென்மையானது’, ‘இயற்கையானது’ போன்ற வார்த்தைகளை முன்பக்கத்தில் யாரும் போட்டுக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது பின்பக்கத்துப் பொடி எழுத்து.

படி 1: வரிசையைப் பாருங்கள். அதிகம் உள்ள பொருள் முதலில் வரும். பெரும்பாலும் அது ‘அக்வா’, அதாவது தண்ணீர். 1 சதவீதத்துக்குக் குறைவானவை மட்டும் மற்றவற்றுக்குப் பின்னால், தங்களுக்குள் எந்த வரிசையிலும் வரலாம். முன்பக்கத்தில் பாதாம் படம், பட்டியலில் பாதாம் எண்ணெய் கடைசி வரியில் என்றால் கணக்கு உங்களுக்கே புரியும்.

படி 2: ‘பர்ஃப்யூம்’ அல்லது ‘ஃப்ராக்ரன்ஸ்’ என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். அந்த ஒரு சொல்லுக்குள் பல வேதிப்பொருள்கள் ஒளிந்திருக்கலாம். தோல் ஒவ்வாமைக்கு வாசனைப் பொருள்கள் முக்கியமான காரணம். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து வாங்கும் பழக்கம் நம்மை ஏமாற்றுவது இங்கேதான்.

படி 3: கெடாமல் காக்கும் பொருள்களைத் தேடுங்கள். தண்ணீர் கலந்த லோஷனுக்கு அவை தேவை. இல்லாவிட்டால் கிருமி வளரும். ஆனால் மெத்தில்ஐசோதயசோலினோன் வேண்டாம். கழுவாமல் தோலிலேயே விடும் பூச்சுகளில் ஐரோப்பிய ஒன்றியம் அதை 2017இல் தடுத்துவிட்டது. புரோபைல்பாரபென், பியூட்டைல்பாரபென் இரண்டையும் மூன்று வயதுக்குட்பட்டோரின் டயப்பர் பகுதிக்கான பூச்சுகளில் அங்கே சேர்க்கக் கூடாது.

படி 4: லேபிளே இல்லாத பொருள் ஒன்று நம் வீட்டில் இருக்கிறது: கற்பூரம். சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தடவுவது என் பாட்டியின் வைத்தியம். பாட்டியிடம் வாதாடுவது கடினம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு நம்முடையதைவிட அதிகம். விழுங்கினாலோ, சிறிதளவே போதும், சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். கற்கண்டு போல வெள்ளையாக இருப்பதால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளவும் தயங்காது. இரண்டு வயதுக்குள் கற்பூரம் கலந்த எதையும் தடவாதீர்கள்; பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் டப்பாவை இன்றே மேலே ஏற்றுங்கள். வெறும் தேங்காய் எண்ணெய் போதும்.

படி 5: புதிய லோஷனை முழங்கை மடிப்பில், ஒரு நாணய அளவு இடத்தில், தினமும் இருமுறை ஒரு வாரம் தடவிப் பாருங்கள். சிவந்தாலோ தடித்தாலோ கழுவிவிட்டு நிறுத்துங்கள். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், மருத்துவருக்கு அது உதவும்.