வைப்பர் இறுகிவிட்டால் மோட்டாரைத் திட்டாதீர்கள்

ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் கிடந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைத் தட்டி எழுப்பினால் எஞ்சின்கூடக் கிளம்பிவிடும். வைப்பர்தான் முரண்டு பிடிக்கும். சுவிட்சைப் போட்டால் டேஷ்போர்டுக்குள் ஒரு முனகல் கேட்கும், கண்ணாடியில் அசைவே இருக்காது.

அந்த முனகலைக் கேட்டபடி மீண்டும் மீண்டும் சுவிட்சைப் போடுவதுதான் முதல் தவறு. சுழல முடியாமல் நிற்கும் மோட்டார் மின்சாரத்தை அளவுக்கு மீறி இழுக்கும். சுருள் சூடேறிக் கருகும். நல்ல மோட்டாரை இப்படித்தான் பலர் கொல்கிறார்கள். பேட்டரி இணைப்பை உடனே கழற்றிவிடுங்கள்.

அடுத்தது, சோதிக்காமலே புது மோட்டார் வாங்குவது. கார்களுக்கு மின் பாகங்கள் செய்துகொடுத்த லூகாஸ் நிறுவனத்தை 'இருளின் இளவரசன்' என்று பிரிட்டிஷ் கார் பிரியர்கள் கேலி செய்வது பழைய கதை. இந்த வழக்கில் பெரும்பாலும் லூகாஸ் மோட்டார் நிரபராதி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் உருவான இந்தக் காரில், மோட்டார் ஒரு நீண்ட ரேக் கேபிளை உலோகக் குழாய்க்குள் முன்னும் பின்னும் தள்ளுகிறது. ஸ்பிரிங் போலக் கம்பி சுற்றிய அந்தக் கேபிள், ஒவ்வொரு வைப்பர் கையின் அடியிலும் உள்ள வீல்பாக்ஸ் என்ற சிறு பெட்டியின் பல்சக்கரத்தைத் திருப்புகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் ரப்பர் வளையம் வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். தண்டு துருப்பிடிக்கும், பழைய கிரீஸ் மெழுகாக உறையும்.

வைப்பர் கைகளை எடுத்துவிட்டு, மோட்டாரிலிருந்து கேபிளைப் பிரித்து, அதன் முனையில் கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பாருங்கள். 6 பவுண்டுக்குள், அதாவது சுமார் 2.7 கிலோவுக்குள், நகர வேண்டும். நகரவில்லையென்றால் கோளாறு குழாயிலோ வீல்பாக்ஸிலோதான். தனியாக விட்ட மோட்டார் சுறுசுறுப்பாகச் சுழன்றால் உங்கள் பணம் தப்பியது.

வைப்பர் கையைப் பிடித்து முறுக்குவதும், ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவதும் வேண்டாம். பல்சக்கரம் மழுங்கும், பெயின்ட் உரியும், கண்ணாடியும் கீறலாம். துருவிளக்கி எண்ணெயை ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். அவசரக்காரர்களுக்கான வேலை இதுவல்ல.

ஆனால் அந்த எண்ணெயோடு வேலை முடிந்ததாக நினைப்பதும் தவறே. அது இளக்கும், நிலைத்து நிற்காது. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுக்கக் கழுவி, புது கிரீஸ் இட வேண்டும். வீல்பாக்ஸைத் திறந்திருக்கும்போதே பல்சக்கரத்தைப் பாருங்கள்: ஒரு பக்கத்துப் பற்கள்தான் தேய்ந்திருக்கும். சக்கரத்தை 180 பாகை திருப்பி மாட்டினால் தேயாத பற்கள் வேலைக்கு வந்துவிடும். திரும்பப் பூட்டும்போது குழாயை மடக்கிவிடாதீர்கள். வீல்பாக்ஸ் நட்டுகளைச் சிறிது சிறிதாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் கேபிளை இழுத்துப் பாருங்கள்.

கடைசியில் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். கைகளை மாட்டாமல் மோட்டாரை ஓட்டி, சுவிட்சை அணைத்து, அது தன் ஓய்வு நிலைக்குப் போய் நின்றபின் கைகளைப் பொருத்துங்கள். இல்லையென்றால் முதல் வீச்சிலேயே ஒரு கை கண்ணாடிச் சட்டத்தில் போய் மோதும். ஓட்டிப் பார்க்கும் முன் கண்ணாடியில் ஒரு குவளை தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் பிளேடு இழுபடும் சத்தத்தைக் கேட்டு, மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றியவர்கள் உண்டு.