கேம்ல செத்துட்டா சாமான் யாருக்கு? கூட்டமா விளையாடுறவங்க முன்னாடியே பேசி வைக்க வேண்டியது

ராத்திரி பதினொரு மணிக்கு ஒருத்தன் கேரக்டர் செத்து, அவன் வாள் கவசம் எல்லாம் தரையில கிடக்கும்போது இன்னொருத்தன் எடுத்து மாட்டிக்கிட்டு "நீ திரும்பி வரமாட்டன்னு நினைச்சேன் மச்சான்"னு சொன்னா போதும், மறுநாள் வாட்ஸ்அப் குரூப்ல பாதி பேர் பேசமாட்டாங்க. கோலாலம்பூரச் சுத்தி செந்தூல், கெப்போங், பூச்சோங்னு ஆளுக்கு ஒரு பக்கம் இருந்துகிட்டு சேர்ந்து விளையாடுற நம்ம பசங்க கூட்டம் எத்தனையோ இப்படித்தான் உடையுது. யாராவது சாகுறதுக்கு முன்னாடியே பேசி வச்சுட்டா இது வராது, செத்த பிறகு பேசினா கோவம்தான் பேசும்.

முதல்ல உங்க கேம்ல செத்தா என்ன ஆகும்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியணும். ரக்னராக்ல பழகினவங்களுக்கு செத்தா எக்ஸ்பி (சேர்த்த அனுபவப் புள்ளி) குறையும், சாமான் கையிலயே இருக்கும், காஃப்ரா ஸ்டோரேஜ்ங்கிற கிடங்குல வச்சது பத்திரமா இருக்கும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்லயும் சாமான் போகாது, ரிப்பேர் செலவுதான். அந்தப் பழக்கத்தோட ஆல்பியன் ஆன்லைன்ல நுழைஞ்சா அழுதுருவாங்க, ஏன்னா அதுல சிவப்பு, கறுப்பு ஸோன்ல (ஆபத்தான பகுதியில) ஒருத்தர் உங்களக் கொன்னுட்டா மாட்டியிருந்தது, தூக்கிட்டுப் போனது எல்லாத்தையும் அவரே எடுத்துக்கலாம், அதுலயும் கொஞ்சம் உடைஞ்சு காணாமப் போயிரும். 2023ல ஆசியாவுக்குன்னு தனி சர்வர் வந்ததுலேருந்து நம்ம பக்கம் ஆடுறது சுலபமாயிருச்சு, அதனால புதுசா வர்றவங்களுக்கு முதல்ல சொல்ல வேண்டியது இதுதான்: திரும்ப வாங்க வசதி இல்லாத எதையும் போட்டுக்கிட்டு அந்த ஸோனுக்குள்ள போகாதீங்க. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் நடுவுல நிக்குது, சாதாரணமா செத்தா விலை கூடின மூணு சாமான் உங்ககிட்டயே இருக்கும், மத்தது ஒரு கல்லறைக்குப் போகும், 15 நிமிஷத்துக்குள்ள போய் எடுக்கணும், விட்டுட்டா எமன் ஆபீஸ்ல காசு கட்டித்தான் மீட்கணும்.

மைன்கிராஃப்ட் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், நம்ம ஆளுங்க அதிகமா தடுமாறுறது அங்கதான். செத்தா சாமான் எல்லாம் அதே இடத்துல சிதறும், 5 நிமிஷத்துல மறைஞ்சிரும், இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா அந்த 5 நிமிஷம் பக்கத்துல யாராவது இருந்து அந்த இடம் லோட் ஆகியிருந்தாத்தான் (கேம் அந்த இடத்த ஓட்டிக்கிட்டு இருந்தாத்தான்) ஓடும், யாருமே இல்லன்னா நின்னுரும். நீங்க செத்து தூரத்துல இருக்கிற படுக்கையில எழுந்திரிக்கிறீங்க, தனியா விளையாடினா பதறவே வேண்டாம், சாப்பாடு கவசம் எடுத்துக்கிட்டு நிதானமா போகலாம், அந்த இடத்த நெருங்கின பிறகுதான் மிச்ச நேரம் ஓட ஆரம்பிக்கும். ஆனா கூட்டமா ஆடும்போது நண்பன் "நான் இங்கயே காவல் நிக்கிறேன்டா, நீ மெதுவா வா"ன்னு பாசத்துல நிப்பான், அவன் நிக்கிறதாலதான் நேரம் ஓடி சாமான் அழியும். அதனால பக்கத்துல இருக்கிறவன் செய்ய வேண்டியது ரெண்டுல ஒண்ணு: முடிஞ்சா உடனே பொறுக்கி ஒரு பெட்டியில போட்டு மூடு, எதிரி சூழ்ந்து பொறுக்க முடியலன்னா நல்ல தூரத்துக்கு ஓடிரு. லாவாவுல (நெருப்புக் குழம்புல) விழுந்தா நெதரைட்ங்கிற உலோகத்துல செஞ்ச சாமான் மட்டும் எரியாது, மத்தது போனது போனதுதான், தேடிப் போய் இன்னொரு தடவ சாகாதீங்க.

சாகுற இடம் ஞாபகம் இருக்காது, அதனால குகைக்குள்ள இறங்கும் முன்னாடியே கோஆர்டினேட்ட (இடத்தக் காட்டுற எண்கள) குரூப்ல டைப் பண்ணிப் போடுங்க. மைன்கிராஃப்ட் 1.19 வெர்ஷன்லேருந்து ரெகவரி காம்பஸ் இருக்கு, கடைசியா செத்த இடத்தக் காட்டும், ஆனா அதுக்கு வேணும்கிற எக்கோ ஷார்ட்ங்கிற துண்டு, ஏன்ஷியன்ட் சிட்டிங்கிற நிலத்தடி பாழடைஞ்ச நகரத்துப் பெட்டிகள்லதான் கிடைக்கும், புதுசா ஆரம்பிச்ச சர்வர்ல அத நம்பி இருக்க முடியாது.

வால்ஹெய்ம் இந்த விஷயத்துல நல்ல கேம். செத்தவன் சாமான் இருக்கிற கல்லறை மறையாது, மேப்ல குறி விழும், ரெண்டாவது தடவ செத்தாலும் முதல் கல்லறை அப்படியே இருக்கும். குறையுறது ஸ்கில்தான். அதனால அங்க அவசரம் கூடாது, வெறுங்கையோட ஓடிப் போய் வரிசையா நாலு கல்லறை வைக்கிறதுக்குப் பதிலா பழைய கவசத்துல ஒரு செட்டும் கொஞ்சம் சமைச்ச சாப்பாடும் படுக்கைக்குப் பக்கத்துல ஒரு பெட்டியில எப்பவும் வச்சிருங்க. சேர்ந்து ஆடுற எந்த கேமா இருந்தாலும் இந்தப் பெட்டி ஒண்ணு இருக்கணும், செத்தவன் யார்கிட்டயும் கெஞ்சாம எடுத்துக்கலாம், பிறகு அவனே நிரப்பி வைக்கணும்.

இப்ப சேமிச்சு வச்ச சாமான். தனிப் பெட்டி வேற, பொதுப் பெட்டி வேற, ரெண்டையும் தள்ளித் தள்ளி வைங்க, ஒவ்வொண்ணுக்கும் பேர்ப்பலகை மாட்டுங்க. மைன்கிராஃப்ட்ல சாதாரணப் பெட்டிய யார் வேணும்னாலும் திறக்கலாம், என்டர் செஸ்ட்ங்கிற தனி வகைப் பெட்டியில இருக்கிறது அவங்கவங்களுக்கு மட்டும்தான் தெரியும், 27 இடம் இருக்கு, எந்த என்டர் செஸ்ட்டத் திறந்தாலும் உங்க சாமான்தான் வரும். மனசுக்குப் பிடிச்சது, ஒருத்தர் குடுத்த பரிசு, பேர் வச்ச வாள் இதெல்லாம் அங்க போகட்டும். பொதுப் பெட்டியில இரும்பு, மரம், சாப்பாடு. வைரம் மாதிரி கிடைக்காத சாமான் பொதுவுலேருந்து எடுத்தா குரூப்ல ஒரு வரி போடணும், "ரெண்டு வைரம் எடுத்தேன், பிக்காக்ஸுக்கு"ன்னா போதும், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

கேஎல்ல (கோலாலம்பூர்ல) ஆடுறவங்க கட்டாயம் பேச வேண்டிய ஒண்ணு, மழை. சாயங்காலம் இடி இடிச்சு கரண்டு டிரிப் ஆனா, இல்ல லைன் போனா, உங்க கேரக்டர் அந்த நொடியே மறையாது, சர்வர் கண்டுபிடிக்கிற வரைக்கும் கொஞ்ச நேரம் சண்டை நடுவுல சும்மா நிக்கும், அடி வாங்கும். வானம் கறுத்தா பாஸ் (பெரிய எதிரி) சண்டை ஆரம்பிக்காதீங்க. அப்படி லைன் போய் செத்தவன் சாமான யாரும் தனக்குன்னு எடுத்துக்காம பத்திரமா வச்சுக் குடுக்கணும்னு எங்க கூட்டத்துல விதியே இருக்கு, அது அவன் விளையாடித் தோத்தது இல்ல. நாலு பேரும் வேலைக்குப் போறவங்களா இருந்து வாரத்துல ஒரு ராத்திரிதான் நேரம் கிடைக்குதுன்னா, கீப் இன்வென்டரிய (செத்தாலும் சாமான் கையிலயே இருக்கிற செட்டிங்க) போட்டு விட்டுருங்க, அதுல கேவலம் ஒண்ணும் இல்ல, சேர்ந்து இருக்கத்தானே ஆடுறோம். ஆனா எல்லாரும் ஒத்துக்கிட்டுப் போடணும், ஒருத்தர் மட்டும் அட்மின்ங்கிறதால நடுராத்திரியில மாத்தக் கூடாது.

கடைசியா, விளையாட்ட விட்டுப் போறவங்க சாமான். சிங்கப்பூர்ல வேலை கிடைச்சுருச்சு, மெட்ரிகுலேஷன் போயாச்சு, குழந்தை பிறந்திருச்சு, ஒரு நாள் லாகின் நின்னுரும். அவங்க வீட்ட உடனே உடைச்சு சாமானப் பிரிக்காதீங்க. முதல்ல ஒரு மெசேஜ், "அண்ணே, உங்க பெட்டிய என்ன பண்றது?"ன்னு, பெரும்பாலும் "எடுத்துக்கங்கடா"ன்னுதான் பதில் வரும், ஆனா கேட்டதுக்கே அவங்க மனசு குளிரும். பதில் வரலன்னா நீங்க முன்னாடியே பேசி வச்ச கெடு வரைக்கும் காத்திருங்க, மூணு மாசம்னா மூணு மாசம். அதுக்கப்புறம் இரும்பு மரம் பொதுவுக்குப் போகலாம், ஆனா பேர் வச்ச சாமான், கட்டின வீடு ரெண்டையும் விட்டு வைங்க, இடம் ஒண்ணும் குறைஞ்சிடாது.

அதோட, யார் வீட்டு கம்ப்யூட்டர்ல சர்வர் ஓடுதுங்கிறதையும் பாருங்க. வால்ஹெய்ம்ல கையில வச்சிருக்கிறது கேரக்டரோட போகும், பெட்டியில இருக்கிறது வேர்ல்ட் ஃபைலோட (அந்த உலகத்தச் சேமிச்சு வச்ச ஃபைலோட) தான் இருக்கும், அந்த ஒரு லேப்டாப் கெட்டா எல்லாரோட பெட்டியும் போச்சு. வாரத்துக்கு ஒரு தடவ சர்வர நிறுத்திட்டு வேர்ல்ட் ஃபைல காப்பி எடுத்து டிரைவ்ல போடுங்க, ஓடிக்கிட்டு இருக்கும்போது எடுத்தா ஃபைல் பாதியில நிக்கலாம், காப்பி குறைஞ்சது ரெண்டு பேர்கிட்ட இருக்கட்டும்.