தாலுகா கோர்ட்டுக்கு ஜூனியர்களை வரவைப்பது எப்படி

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில் 22 வருஷமாகக் குற்றவியல் வக்கீலாக இருக்கிறேன். ஏழைகளுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவின் பட்டியலிலும் என் பெயர் உண்டு. சட்டக் கல்லூரிப் பிள்ளைகளை இந்தப் பக்கம், அதுவும் லீகல் எய்டு வக்கீலாகவோ அரசு வழக்கறிஞராகவோ, வரவைக்க நினைக்கும் சீனியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்குப் பலித்ததையும் பலிக்காததையும் சொல்கிறேன்.

பலிக்காததிலிருந்து தொடங்குகிறேன். கல்லூரிகளுக்குப் போய் மேடையில் பேசினேன். இலவச சட்ட உதவி பற்றிய அரசமைப்புச் சட்டத்தின் 39ஏ, விசாரணைக் கைதிகள் பற்றிய ஹுசைனாரா கத்தூன் வழக்கு, 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் எல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள். மூன்று வருஷத்தில் ஒருவர்கூட வரவில்லை. பேச்சைக் கேட்டு யாரும் ஊர் மாறிப் பிழைக்க வருவதில்லை. ஒரு நாள் கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்தவர்தான் திரும்பி வருகிறார்.

அதனால் முதல் வேலை, அவர்களை உட்கார வைப்பது. இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பார் கவுன்சில் விதிப்படி மூன்று வருஷப் படிப்புக்கு 12 வாரமும் ஐந்து வருஷப் படிப்புக்கு 20 வாரமும் பயிற்சி கட்டாயம். இரண்டு வழக்கு விசாரணையை நேரில் பார்த்துக் குறிப்பெழுத 30 மதிப்பெண் இருக்கிறது. பல பிள்ளைகள் இதற்குப் பெரிய நகரத்தில் ஏதோ ஓர் ஆபீஸில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கல்லூரியில் இதைக் கவனிக்கும் ஆசிரியரிடம் பேசுங்கள். “எங்கள் கோர்ட்டுக்கு இரண்டு பேரை நான்கு வாரம் அனுப்புங்கள், டைரியை நான் வரிக்கு வரி படித்துக் கையெழுத்துப் போடுகிறேன்” என்று சொல்லுங்கள். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்து பேர் வந்தால் வராந்தாவில் நின்று போன் பார்ப்பார்கள்.

ராமநாதபுரத்திலும் தருமபுரியிலும் விழுப்புரத்திலும் 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு நம் கோர்ட் புதிய ஊரே இல்லை. அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

வந்த முதல் நாளே ஒரு வழக்குக் கட்டைக் கையில் கொடுங்கள். ஒரே ஒரு கட்டு. நான்கு வாரமும் அது அந்தப் பிள்ளையின் பொறுப்பு. பத்துக் கட்டைக் கொடுத்து வாய்தா குறிக்கச் சொன்னால் குமாஸ்தா வேலை கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஒரே கட்டை எஃப்.ஐ.ஆரிலிருந்து பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), ரிமாண்ட் மனு, ஜாமீன் உத்தரவு வரை தேதி போட்டு ஒரு தாளில் எழுதச் சொன்னால், அதற்குள் ஓர் ஆள் இருப்பது தெரியவரும்.

இப்படித்தான் ஒரு தை மாதம் வந்த மாணவியிடம் ஓர் ஆட்டுத் திருட்டுக் கட்டைக் கொடுத்தேன். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், கரிமூட்டத்தில் வேலை பார்க்கும் 23 வயதுப் பையன். சீமைக்கருவேலம் வெட்டிக் கரி போடும் கூலிக்காகப் பக்கத்துத் தாலுகாவிலிருந்து வந்தவன். இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் தாளை நீட்டினாள். “மேடம், ஜாமீன் கிடைச்சு 24 நாள் ஆச்சு. இவர் இன்னும் ஏன் உள்ளே இருக்கார்?”

அந்த ஜாமீன் உத்தரவை வாங்கியது நான்தான். வாங்கியதோடு கட்டை அலமாரியில் வைத்துவிட்டேன். உள்ளூர் ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும் என்பது நிபந்தனை. இந்த ஊரில் அவனுக்காகக் கையெழுத்துப் போட யாரும் இல்லை. அது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அன்று ராத்திரி நாங்கள் இருவரும் மனு எழுதினோம். 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்கள் அவளுக்கு என்னைவிட நன்றாக நினைவிருந்தன: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறை அதிகாரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையை மாற்றலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்ற பிடிவாதமே தாமதத்துக்கு ஒரு காரணம் என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. நடுவர் மனுவை ஏற்று, அவன் அப்பாவின் ஜாமீனையே ஒப்புக்கொண்டார். பையன் வெளியே வந்தான்.

அவன் அம்மா முந்தானையில் முடிந்திருந்த 500 ரூபாயை அந்த மாணவியிடம் நீட்டினார். லீகல் எய்டு வழக்கில் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது என்று அவள் விளக்கிச் சொன்னாள். அந்த அம்மா, “காசு வாங்காத வக்கீலுன்னா சரியாப் பேச மாட்டாகளேன்னு பயந்தேன்த்தா” என்றார். மாணவி டைரியில் அன்றைக்கு அந்த ஒரு வரிதான் இருந்தது. இலவச வக்கீல் என்றால் இளப்பமான வக்கீல் என்று ஜனங்கள் நினைப்பதற்கு நாம்தான் காரணம். அதை மாற்ற என்ன செய்யலாம் என்று அவளே கேட்கத் தொடங்கினாள். அதன் பிறகு நான் அவளுக்கு எந்தப் புத்தியும் சொல்லவில்லை.

அடுத்தது: நான்கு வாரத்தில் பாதியை அரசுத் தரப்பில் செலவிட வையுங்கள். உங்கள் கோர்ட் ஏ.பி.பி.யிடம் (உதவி அரசு வழக்கறிஞரிடம்) நீங்களே போய்க் கேளுங்கள். எதிரித் தரப்பை மட்டும் பார்த்த பிள்ளை, அரசு வழக்கறிஞர் என்றால் போலீஸின் ஆள் என்று நினைத்துக்கொள்ளும். போலீஸும் அரசு வழக்கறிஞரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் ஷஹானே வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவும் குற்ற வழக்குத் தொடர்வு இயக்ககத்தைத் தனியாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, காலை பத்து மணியிலிருந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் சாட்சியின் பக்கத்தில் உட்கார்ந்தால் சீக்கிரம் புரியும். சங்கிலியைப் பறிகொடுத்த ஒரு பாட்டி, 40 கிலோமீட்டர் பஸ்ஸில், ஒரு நாள் நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார். கூண்டு எது, நடுவர் யார், யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதைச் சொல்லித் தருவது ஏ.பி.பி.யின் வேலை. என்ன பேச வேண்டும் என்பதைச் சொல்லித் தருவது அவர் வேலை இல்லை. இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளைக்கு இரண்டு தரப்பு வேலை மீதும் மரியாதை வரும்.

பேச்சு மொழிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். நம் கீழ்க் கோர்ட்டில் சாட்சி தமிழில்தான் சொல்கிறார், ஆனால் அது பாடப்புத்தகத் தமிழ் இல்லை. “பொழுதடையக் கம்மாக்கரையில பார்த்தேன்” என்று சாட்சி சொன்னால், வாக்குமூலத்தில் “மாலை 6 மணிக்கு” என்று ஏறிவிடும். மார்கழியில் ஆறு மணிக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும், சித்திரையில் நல்ல வெளிச்சம் இருக்கும். அடையாளம் தெரிந்ததா இல்லையா என்ற கேள்வியே இந்த ஒரு சொல்லில் நிற்கிறது. ஊர்ப் பிள்ளைகள் இதைக் காதில் வாங்கியதும் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். தாங்கள் வெட்கப்பட்டு மறைத்த பேச்சு கோர்ட்டில் ஒரு திறமை என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

இனி பணம். இதில் மழுப்பினால் எல்லாம் கெட்டுவிடும்.

கணக்கை முதல் வாரத்திலேயே தாளில் போட்டுக் காட்டுங்கள். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் உதவி அரசு வழக்கறிஞர் தேர்வுக்குக் குற்றவியல் கோர்ட்டில் ஐந்து வருஷம் தொழில் செய்திருக்க வேண்டும். அரசுத் தரப்புக்குப் போக ஆசைப்படும் பிள்ளை அந்த ஐந்து வருஷம் எதைச் சாப்பிடுவது? எதிரித் தரப்பில் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2022-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர் திட்டத்தில், உதவி வழக்கறிஞர் பணிக்கு அனுபவம் இல்லாதவர் முதல் மூன்று வருஷ அனுபவம் உள்ளவர் வரை விண்ணப்பிக்கலாம். முழுநேர வேலை, மாதாமாதம் தொகுப்பூதியம். ஆனால் தனிக் கட்சிக்காரர் வழக்கு எடுக்க முடியாது, ஒப்பந்தம் இரண்டு வருஷம், ஆபீஸ் மாவட்டத் தலைநகரில். இதையெல்லாம் அப்படியே சொல்லுங்கள். “பார்த்துக்கலாம்மா” என்று சொல்லி அழைத்து வந்த பிள்ளை ஆறாவது மாதம் போய்விடும். போன பிள்ளை தன் கூட்டாளிகளிடமும் சொல்லும்.

தாலுகா கோர்ட்டில் நம்மிடமே ஜூனியராக இருக்கப்போகிறவருக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகக் கொடுக்க வேண்டும் என்று சொன்னபோது, எங்கள் வக்கீல் சங்கத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. தனியாக என்னாலும் அது முடியாது. மூன்று சீனியர் சேர்ந்தோம், ஆளுக்கு 5,000. ஒரு ஜூனியர் மூன்று பேருக்கும் பொது. யார் கேஸ் என்றைக்கு என்று குமாஸ்தா சுவரில் எழுதி ஒட்டிவிடுவார். சண்டை வராதா என்று கேட்பார்கள். வரும். ஆனால் பணம் ஐந்தாம் தேதிக்குள் கைக்குப் போய்விடுகிறது.

பெண் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் தங்குமிடமும் கழிப்பறையும் முதலில். எங்கள் சங்கக் கட்டடத்தில் பெண்களுக்கென்று தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வர நான் நான்கு வருஷம் கேட்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் வந்த இரண்டு மாணவிகள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். பிற்பாடுதான் சொன்னார்கள். அவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்று நான் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வேலையை முடியுங்கள்.

பயிற்சி முடிந்து போனவரைக் கைவிடாதீர்கள். சட்டம் படிக்கிறவர், வக்கீலாகப் பதிவு செய்யும்வரை, சட்டத் தன்னார்வலராக ஆணைக்குழுவில் சேரலாம். விண்ணப்பத்தை நீங்களே வாங்கி அனுப்புங்கள். ஜூனியராகச் சேர்ந்தவரிடம் முதல் நாளிலிருந்து ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள்: வழக்கு எண், கோர்ட், ஆஜரான தேதி, குறுக்கு விசாரணை செய்த சாட்சி. வக்காலத்து நகலும் பின்னால் சேர வேண்டும். ஐந்து வருஷம் கழித்து அனுபவச் சான்று கேட்கும்போது அந்த நோட்டு இருந்தால் ஒரு மணி நேர வேலை, இல்லாவிட்டால் மாதக் கணக்கில் அலைய வேண்டும்.

வருகிற வாரம் இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களுக்கு நேற்று அனுப்பிய செய்தி இதுதான்: திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வந்துவிடுங்கள். வெள்ளைச் சட்டை, நூறு பக்க நோட்டு, தண்ணீர் பாட்டில். அறைச் சாவி கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. அன்றைக்கு ரிமாண்ட் இருந்தால் கைதியிடம் பெயர், ஊர், சாப்பிட்டாரா, வீட்டுக்குத் தகவல் போனதா என்று நான்கும் நீங்கள்தான் கேட்கப் போகிறீர்கள். நான் பக்கத்தில் நிற்பேன்.