சின்க் பொத்தானை அழுத்தும் முன்: வீட்டு டிஜே மிக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலவசமாகக் கிடைக்கும் மிக்ஸ்ஸ் ஆனாலும், விலைக்கு வாங்கும் செராட்டோ, டிராக்டர் ஆனாலும், பாட்டை ஏற்றியதும் டிஜே மென்பொருள் முதலில் செய்யும் வேலை அதன் வேகத்தை அளப்பதுதான். நிமிடத்துக்கு எத்தனை தாள அடிகள் என்று கணக்கிட்டு, பாட்டு முழுவதும் அடிக்கோடுகளை வரைந்துவிடுகிறது; இதையே பீட்கிரிட் என்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, அந்தக் கோடுகளைக் காதால் சரிபார்க்காமல், இரண்டு பாடல்களின் அடிகளைத் தானாகவே பொருத்தும் சின்க் பொத்தானை அழுத்துவதிலிருந்தே பிறக்கின்றன.

கணினித் தாளத்தில் உருவான நடனப் பாடல்களுக்கு இந்தக் கணக்கு பொதுவாகப் பொருந்திவிடும். ஆனால் தபேலாவும் டிரம்ஸும் நேரடியாக வாசிக்கப்பட்டுப் பதிவான பழைய திரைப்பாடல்களில், பல்லவியில் இருந்த வேகம் சரணத்தில் சற்றே கூடியிருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். ஒரு பாட்டு 120, மற்றது 120.5 என்று வைத்துக்கொண்டால், ஒரே நிமிடத்தில் அரை அடி விலகி, ஒன்றின் டிரம் மற்றதன் இடைவெளியில் போய் விழும்; கேட்பவர்களுக்கு அது இரண்டு கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளின் நடுவே நிற்பது போலிருக்கும். எனவே மிக்ஸ்ஸில் வேகம் மாறாதது என்று கருதும் அமைப்பை இத்தகைய பாடல்களுக்கு நீக்கிவிட்டு மறுபடி அளக்கச் செய்து, இரண்டு பாடல்களும் சேர்ந்து ஒலிக்கும் பகுதியைச் சுருக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

இதைவிடக் குழப்பமானது, ஒரு சுற்றில் ஆறு சிற்றடிகள் மும்மூன்றாக வரும் 6/8 தாளம். நம் குத்துப்பாட்டுகளில் பல இந்த நடையில்தான் ஓடுகின்றன. மென்பொருளோ எல்லாவற்றையும் நான்கு நான்காக எண்ணவே முனைகிறது. கால் தட்டினால் 100 வரும் பாட்டை அது 150 என்று காட்டினால் வியப்படைய வேண்டாம். மிக்ஸ்ஸில் வேகத்தை மூன்றில் இரண்டாக்கும் கட்டளை இதற்காகவே பயன்படும். அதன் பிறகும் 6/8 பாட்டை நான்கு நடைப் பாட்டின் மேல் நீண்ட நேரம் ஓட்டக் கூடாது.

வேகத்தை 6 சதவீதம் கூட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். வேகம் மாறினாலும் சுருதியைப் பிடித்து வைக்கும் கீ லாக்கை இயக்கினால் சுருதி நிற்கும் என்றாலும், வேகத்தை அதிகமாக மாற்றும்போது பாடகரின் குரல் நடுங்கத் தொடங்கும். சுருதிப் பொருத்தத்துக்கு மென்பொருள் காட்டும் குறியீட்டையும் முழுதாக நம்ப முடியாது. அது பாட்டை மேற்கத்திய இசையின் மேஜர் அல்லது மைனர் என்ற இரண்டே வகைகளில் அடைக்கிறது. சிந்து பைரவி போல அந்நிய சுரங்கள் (ராகத்துக்கு வெளியே உள்ள சுரங்கள்) தாராளமாக வந்துபோகும் ராகத்தில் அமைந்த பாட்டுக்கு அந்த முத்திரை அதிகம் உதவாது.

ஒலியளவில் நேரும் தவறு பிறகு திருத்த முடியாதது. டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபெல்தான் உச்சவரம்பு. இன்றைய பாடல்கள் ஏற்கெனவே அதை ஒட்டியே தயாரிக்கப்படுவதால், இரண்டையும் முழு அளவில் சேர்த்தால் அளவுகோல் சிவப்பைத் தொட்டு ஒலி கரகரக்கும். அப்படிப் பதிவான கோப்பை அப்புறம் எவ்வளவு குறைத்தாலும் கரகரப்பு போகாது. முதலிலேயே ஒவ்வொரு டெக்கின் (பாட்டை ஏற்றி ஓட்டும் பகுதி) கெயினையும், அதாவது உள்வரும் ஒலியளவையும், தணித்து, உச்சம் மைனஸ் 6 டெசிபெல் அருகே நிற்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பாடல்களின் பாஸும் ஒரே நேரத்தில் அதிர விடாமல், புதிய பாட்டின் பாஸை முதலில் அடக்கி வைத்து, ஆவர்த்தனம் (தாளச் சுற்று) தொடங்கும் அடியில் பழையதன் பாஸை இறக்கி இதை ஏற்றுவதே சரியான முறை.

திரைப்பாடல்களின் தொடக்கத்தில் தனித் தாளம் நீளமாகக் கிடைப்பது அரிது. அதனால் குரலின் மேல் குரலை ஏற்றிவிடுகிறார்கள். மாறாக, இடையிசையிலிருந்து 8 அடிகளை லூப்பாகச் சுற்றவிட்டு அதன்மேல் அடுத்த பாட்டைக் கொண்டுவரலாம். அடுத்த பாட்டை முன்கேட்க புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதன் தாமதமே தாளத்தைப் பிசகச் செய்யும்.

128 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு) எம்பி3 கோப்பை 320 ஆக மாற்றிச் சேமிப்பதால் இழந்த ஒலி திரும்பி வராது, கோப்புதான் பருக்கும். அதுபோலவே மிக்ஸை நேரடியாக எம்பி3 ஆகப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி மறுபடி எம்பி3 ஆக்கினால், ஒவ்வொரு முறையும் தரம் தேயும். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 600 எம்பி இடம் போதும். திருத்த வேலைகளை அதிலேயே முடித்துவிட்டு, கடைசியாக ஒரே ஒரு முறை எம்பி3 ஆக்கிக்கொள்ளலாம்.